கும்பகோணத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம்: குடல் நோய்ச் சோதனைகளில் எதற்குப் பணம் தரலாம்?

கும்பகோணம் மகாமகக் குளத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், கிளினிக்குகளும் மருந்துக் கடைகளும் நெருக்கியடித்து நிற்கும் தெரு ஒன்றில் இருக்கும் பரிசோதனை நிலையத்தைப் பற்றியது இந்த மதிப்புரை. எங்கள் குடும்பம் இரண்டு முக்கியமான காரியங்களுக்காக இந்த லேபை நம்பியிருந்தது: தங்கை மகனின் குடல்வால் அழற்சி ஒன்று, பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட மைத்துனரின் தொடர் கண்காணிப்பு மற்றொன்று. இவை போதாதென்று, இப்போது அங்கே பெரிய பதாகை வைத்து விற்கப்படும் ‘புற்றுநோய் முன்னறிவுத் தொகுப்பு’ பற்றியும் உறவினர்கள் என்னிடம் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நிலையத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை திருவாரூரிலும் மயிலாடுதுறையிலும் உள்ள இதுபோன்ற நிலையங்களுக்கும் பொருந்தக்கூடியவை என்பதால், ஒன்றை மட்டும் சுட்டிக்காட்டுவது நியாயமாகாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அவசரத்துக்கு இந்த லேப் மிகவும் நம்பகமானது. திருவிடைமருதூருக்கு அருகிலுள்ள கிராமத்திலிருந்து தங்கை மகனை இரவில் அழைத்து வந்தபோது, தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி வலப்புற அடிவயிற்றுக்கு இறங்கியிருந்தது. இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தான். பார்த்த அறுவை மருத்துவர் ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கையும் சி.ஆர்.பி. சோதனையும் மட்டும் எழுதிக் கொடுத்தார். ரத்தம் எடுத்த இளைஞர் ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே, “வலி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுதுங்க?” என்று கேட்டு, அதைச் சோதனைச் சீட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். எனக்கு இந்த நிலையத்தின் மேல் மதிப்பு வந்தது அந்தக் கேள்வியால்தான். சி.ஆர்.பி. என்பது அழற்சி ஏற்படும்போது கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் 1930இல் கண்டறியப்பட்டது. அது ஏறுவதற்கு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும், உச்சத்தைத் தொட ஏறத்தாழ இரண்டு நாள் பிடிக்கும். வலி தொடங்கி மூன்று மணி நேரத்தில் எடுத்த ரத்தத்தில் சி.ஆர்.பி. இயல்பாக இருந்தால் அதற்கு ஒரு பொருளுமில்லை. இரண்டாம் நாளில் எடுத்ததில் இயல்பாக இருந்தால் அதற்கு நிறையப் பொருள் உண்டு. நேரம் தெரியாத அறிக்கை மருத்துவருக்குப் பாதி அறிக்கைதான்.

வெள்ளையணுக்களின் எண்ணிக்கை பதினைந்தாயிரத்தைத் தாண்டியிருந்தது, அவற்றில் நியூட்ரோஃபில்களின் பங்கு 80 விழுக்காட்டுக்கு மேல். ஒரு மணி நேரத்துக்குள் அறிக்கை மருத்துவரின் கைப்பேசிக்கே போய்விட்டது. குடல்வால் அழற்சியை மதிப்பிட மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்தும் ஆல்வராடோ மதிப்பெண் முறை 1986இல் வெளியானது. அதன் மொத்த மதிப்பெண் 10. அதில் ரத்தத்துக்குக் கிடைப்பவை 3 மட்டுமே: வெள்ளையணுக்கள் பத்தாயிரத்துக்கு மேல் போனால் 2, நியூட்ரோஃபில்கள் பெருகியிருந்தால் 1. மீதி 7 மதிப்பெண்கள் வலி இடம் மாறியதா, பசி போனதா, வாந்தி உண்டா, காய்ச்சல் உண்டா, அடிவயிற்றை அழுத்தினால் வலிக்கிறதா, அழுத்திய கையைச் சட்டென்று எடுத்தால் வலி அதிகரிக்கிறதா என்று மருத்துவர் கேட்டும் தொட்டும் அறிபவை. ஆகவே லேபிலிருந்து நாம் எதிர்பார்க்க வேண்டியது அந்த மூன்று மதிப்பெண்களை விரைவாகவும் பிழையின்றியும் தருவதை மட்டுமே. இந்த நிலையம் அதைச் செய்தது. பிறகு ஸ்கேனில் குடல்வால் 6 மில்லிமீட்டரைத் தாண்டித் தடித்திருப்பது தெரிந்து, மறுநாள் காலையில் அறுவை சிகிச்சை முடிந்தது.

கவுன்டரில் நடந்த ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. மருத்துவர் எழுதாத ‘காய்ச்சல் தொகுப்பு’ ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும்படி பணம் வாங்கும் பெண் வற்புறுத்தினார். அதில் டைஃபாய்டுக்கான விடால் சோதனையும் இருந்தது. நம் ஊர்ப் பக்கம் வயிற்று வலியோடு காய்ச்சல் என்றாலே விடால் எடுத்துவிடும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. முன்பு எப்போதோ வந்துபோன நோய்த்தொற்றினாலும், போட்டுக்கொண்ட தடுப்பூசியினாலும்கூட அது நேர்மறையாக வரும். அப்படி வந்த ஒரு தாளைப் பார்த்து, டைஃபாய்டு என்று மாத்திரை கொடுத்து இரண்டு நாள் தள்ளிப்போட்டால், குடல்வால் வெடித்துவிட வாய்ப்புண்டு. வேண்டுமானால் மஞ்சள் காமாலையில் உயரும் பிலிருபினைச் சேர்த்திருக்கலாம். கல்லீரல் நோய் எதுவும் இல்லாத நோயாளிக்கு அது உயர்ந்திருப்பது குடல்வால் துளைபட்டிருக்கலாம் என்பதற்கு ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. அந்தச் சோதனை காய்ச்சல் தொகுப்பில் இல்லை.

தங்கைக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அவள் கணவருக்கும் இளம் வயதில் குடல்வால் எடுத்திருக்கிறார்கள். இளைய மகனுக்கும் வருமா, அதற்கு மரபணுச் சோதனை உண்டா என்று கேட்டாள். நெருங்கிய உறவில் ஒருவருக்கு வந்திருந்தால் மற்றவர்களுக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகிறது என்பது உண்மைதான். ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் 2017இல், நான்காம் குரோமோசோமில் பிட்எக்ஸ்2 என்னும் மரபணுவுக்கு அருகிலுள்ள ஒரு மாற்றத்துக்கும் குடல்வால் அழற்சிக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டினார்கள். ஆனால் அதன் தாக்கம் சிறியது. ஒருவரின் வயிற்றைப் பற்றி முன்கூட்டிச் சொல்ல அது உதவாது. லேபும் அப்படியொரு சோதனையை விற்கவில்லை. அவர்களின் விலைப்பட்டியலில் இல்லாததற்காக நான் பாராட்டும் ஒரே பொருள் இதுவாகத்தான் இருக்கும்.

பெரியவர்களுக்கு வரும் குடல்வால் அழற்சி வேறு கதை. நாற்பது வயதைக் கடந்தவருக்கு இது வரும்போது, பெருங்குடலின் தொடக்கப் பகுதியில் வளர்ந்த கட்டி ஒன்று குடல்வாலின் வாயை அடைத்திருக்கலாம் என்ற ஐயத்தை மருத்துவர்கள் மனத்தில் வைத்திருப்பார்கள். குறிப்பாகச் சீழ்க்கட்டியோடு வந்து, அறுவை செய்யாமல் மருந்திலேயே தணிந்துவிட்டால், சில வாரங்கள் கழித்துப் பெருங்குடலை உள்நோக்கிக் கருவியால் (கொலனோஸ்கோபி) பார்த்துவிடுவது நல்லது. என் மைத்துனரின் நோய் இப்படித்தான் வெளிப்பட்டது. இதுவும் ‘அப்பெண்டிக்ஸ்’தான் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். அவருடைய பழைய ரத்த அறிக்கைகளை அடுக்கிப் பார்த்தபோது, அதற்கு முந்தைய ஆண்டு முதலே ஹீமோகுளோபின் படிப்படியாக இறங்கி வந்திருப்பதும், சிவப்பணுக்களின் சராசரி அளவு சிறுத்துக்கொண்டே வந்திருப்பதும் தெரிந்தது. அத்தனையும் இதே லேபில் எடுத்தவை. ஒவ்வொன்றிலும் அந்த எண்கள் தடித்த எழுத்தில் அச்சாகித்தான் இருந்தன. குறுவை நடவு, சம்பா அறுவடை என்று ஓய்வில்லாமல் உழைக்கிற உடம்பு, சரியான சாப்பாடு இல்லை, சத்துக்குறைவு என்று ஒரு டானிக்கோடு விட்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். பெருங்குடலின் வலப்பக்கத்தில் வளரும் கட்டி நெடுநாள் வலி தராது, மலத்தில் கண்ணுக்குத் தெரியும்படி ரத்தத்தையும் காட்டாது. துளித்துளியாகக் கசியவிட்டு உடம்பின் இரும்புச்சத்தை வற்றச் செய்யும். வயலில் வேலை செய்யும் பெண்களுக்குச் சோகை வர ஆயிரம் காரணம் சொல்லலாம். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும், எந்த வயதுவந்த ஆணுக்கும், இரும்புக்குறைவுச் சோகை வந்தால் ரத்தம் எங்கே போகிறது என்று தேடியாக வேண்டும் என்பது மருத்துவத்தின் பால பாடம். இதைக் கண்டுபிடிக்க வேண்டியவை ரத்த அணுக்களின் எண்ணிக்கையும், உடம்பில் சேமித்திருக்கும் இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டினும். இரண்டும் விலை குறைந்த, பழைய, கவர்ச்சியில்லாத சோதனைகள். அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்கும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். பழைய அறிக்கைகளின் எண்களையும் புதிய அறிக்கையில் பக்கத்திலேயே அச்சிடும் வசதி இந்த லேபின் கணினியில் இருக்கிறது, கேட்டால்தான் தருகிறார்கள். கேட்டு வாங்குங்கள்.

இனி அந்தத் தொகுப்பு. சுமார் 3,000 ரூபாய்க்கு எழுபதுக்கும் மேற்பட்ட சோதனைகள், அவற்றுள் சி.இ.ஏ., சி.ஏ. 19-9, ஏ.எஃப்.பி. முதலிய ‘புற்றுநோய்க் குறிகாட்டிகள்’. நோய்க்குறி ஏதுமில்லாத ஒருவர் குடல் புற்றுநோயை முன்கூட்டி அறிய இதை வாங்குவது வீண் என்பதே என் கருத்து. சி.இ.ஏ. என்னும் புரதத்தை 1965இல் மான்ட்ரியல் நகரில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் பெருங்குடல் கட்டிகளில் கண்டறிந்தபோது, ஒரு துளி ரத்தத்தில் புற்றுநோயைப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை எழுந்தது. அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. முதல் கட்டத்தில் இருக்கும் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இது உயர்வதே இல்லை. மறுபுறம், பீடி சிகரெட் புகைப்பவர்களுக்கும், கல்லீரல் நோய், கணைய அழற்சி உள்ளவர்களுக்கும் புற்றுநோய் இல்லாமலேயே உயரும். புகைக்காதவருக்கு மில்லிலிட்டருக்கு 3 நானோகிராம், புகைப்பவருக்கு 5 என்ற அளவில் வரம்பு வைப்பது இதனால்தான். இந்த லேபின் படிவத்தில் புகைப்பழக்கம் பற்றிய கேள்வியே இல்லை. சி.ஏ. 19-9 இன்னும் மோசம்: அது முதன்மையாகக் கணையத்துக்கானது, லூயிஸ் ரத்த வகைப் பொருள் இல்லாத சிலரின் உடம்பு அதைச் சுரக்கவே செய்யாது.

எழுபது சோதனைகளை ஒன்றாகக் கட்டுவதில் வேறொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. ‘இயல்பு வரம்பு’ என்பது பொதுவாக ஆரோக்கியமானவர்களில் 95 விழுக்காட்டினரை உள்ளடக்கும்படி வரையப்படுவது. அப்படியானால் எந்த நோயும் இல்லாத ஒருவருக்கு எழுபது சோதனைகள் செய்தால், மூன்று நான்கு எண்கள் சிவப்பில் வருவதே இயற்கை. அந்தச் சிவப்பைக் கண்டு பதறி அடுத்த ஸ்கேன், அடுத்த ஊர், அடுத்த மருத்துவர் என்று அலைவதைச் சுற்றுவட்டாரத்தில் நிறையவே பார்க்கிறேன். மேலத் தெருவில் ஒருவர் தஞ்சாவூர், திருச்சி என்று போய்வந்து கடைசியில் புகைப்பதை விட்டதும் சி.இ.ஏ. எண் இறங்கிவிட்டது. அவருக்கு அந்த வகையில் தொகுப்பு நன்மை செய்தது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

அதே சி.இ.ஏ., நோய் ஏற்கெனவே உறுதியானவருக்கு அருமையான கருவி. அறுவைக்கு முன் ஒரு முறை பார்த்து வைக்கிறார்கள். கட்டி முழுவதும் அகற்றப்பட்டால் நான்கிலிருந்து ஆறு வாரங்களுக்குள் இறங்கிவிட வேண்டும். பிறகு முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒரு முறை, அதன்பின் ஐந்தாம் ஆண்டு முடிய ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்று பார்த்து வருகிறார்கள். இங்கே தனி ஒரு எண்ணைவிட, எண் நகரும் திசைதான் முக்கியம். அதனால் எப்போதும் ஒரே லேபில், ஒரே முறையில் எடுக்க வேண்டும். இந்த இடத்தில்தான் எனக்கு இந்த நிலையத்தின் மேல் தீராத மனக்குறை. மைத்துனரின் சி.இ.ஏ. 2ஐ ஒட்டியே இருந்து வந்தது, திடீரென்று ஒரு காலாண்டில் ஏறத்தாழ 5ஐத் தொட்டது. வீட்டில் சோறு இறங்கவில்லை. அறுவை மருத்துவர்தான் அறிக்கையின் அடியில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்த சோதனை முறையின் பெயர் மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார். இங்கே எடுக்கும் சி.இ.ஏ. சாம்பிள்கள் சென்னைக்குப் போகின்றன. அங்கே கருவியை மாற்றியிருக்கிறார்கள். வேறு நிறுவனத்தின் கருவியில் அதே ரத்தம் வேறு எண்ணைக் காட்டுவது இயல்பு. முறை மாறும்போது தொடர் கண்காணிப்பில் இருப்பவர்களுக்குச் சொல்லி, புதிய முறையில் ஓர் அடிப்படை எண்ணை நிறுவித் தருவது லேபின் கடமை. இவர்கள் சொல்லவில்லை. சண்டை போட்ட பிறகு மேலாளர் கட்டணமில்லாமல் மறுபடி எடுத்துக் கொடுத்தார். எண் அதே இடத்தில் நின்றது, ஸ்கேனும் சுத்தமாக இருந்தது. சோதனை நிலையங்களின் தரத்துக்குச் சான்று தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் என்று வாசலில் முத்திரை போட்டிருக்கிறார்கள். அந்த அங்கீகாரம் எந்தெந்தச் சோதனைக்கு, எந்தக் கிளைக்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

முன்கூட்டி அறிய விரும்புகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, இதே லேபின் விலைப்பட்டியலில் கடைசிப் பக்கத்தில் கிடக்கும், மலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் ரத்தத்தைத் தேடும் மலப் பரிசோதனையை. அதில் இரண்டு வகை உண்டு. பழைய வகைக்கு முன்பாக இறைச்சியைத் தவிர்க்க வேண்டும், வைட்டமின் சி மாத்திரையை நிறுத்த வேண்டும். புதிய வகை மனித ஹீமோகுளோபினை மட்டும் எதிர்ப்பொருளால் பிடிப்பது. பத்தியம் எதுவும் தேவையில்லை, துல்லியமும் கூடுதல். கவுன்டரில் கேட்காமல் விட்டால் பழையதையே போட்டுவிடுகிறார்கள். ‘இம்யூனோ’ வகை என்று தெளிவாகச் சொல்லுங்கள். மலம் என்றதும் நம்மவர்கள் முகம் சுளிப்பது தெரிந்ததே. ஊசி குத்திக்கொள்ளத் தயாராக இருப்பவர்கூட அந்தச் சிறு குப்பியை வாங்கிப் போய்த் திருப்பித் தருவதில்லை என்று லேப் ஊழியரே சிரித்துக்கொண்டு சொன்னார். வெயில் வேறு ஒரு பிரச்சினை. ஹீமோகுளோபின் சூட்டில் சிதையும். கத்திரி வெயிலில் நாச்சியார்கோவிலிலிருந்தோ வலங்கைமானிலிருந்தோ பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்த குப்பி, இருக்கும் ரத்தத்தை இல்லையென்று காட்டிவிடக்கூடும். அதிகாலையில் எடுத்து, அன்றைக்கே, குளிர்ச்சியாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். குளிர்ப்பை கேட்டதற்கு இல்லை என்றார்கள்; மூவாயிரம் ரூபாய்த் தொகுப்புக்கு மட்டும் துணிப்பை இலவசம்.

ரத்தத்திலேயே கட்டியின் டி.என்.ஏ. துணுக்குகளைத் தேடும் புதிய சோதனைகளைப் பற்றியும் கவுன்டரில் பேசினார்கள். அமெரிக்காவில் 2024 ஜூலையில் ஷீல்டு என்ற சோதனைக்கு அனுமதி கிடைத்தது. அது பெருங்குடல் புற்றுநோய்களில் 83 விழுக்காட்டைப் பிடிக்கிறது. ஆனால் புற்றாக மாறக்கூடிய முற்றிய பாலிப்புகளில் (குடலின் உட்சுவரில் வளரும் சதை முளைகள்) 13 விழுக்காட்டை மட்டுமே. பாலிப்பு நிலையிலேயே கண்டு அகற்றிவிட்டால் புற்றுநோய் வராமலே தடுக்கலாம் என்பதுதான் இந்த முன்தேடலின் பெரும்பயன் என்பதால், உள்நோக்கிக்கு இது ஈடாகாது.

மரபணுச் சோதனைகளில் இரண்டு வகையைக் கவுன்டரில் குழப்பிவிடுகிறார்கள். ஒன்று கட்டியின் மரபணு. மற்றது பிறவியில் வந்த மரபணு. முதலாவதற்கு ரத்தம் தேவையில்லை, அறுவையில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் ‘பிளாக்’ வேண்டும். அதை மருத்துவமனையின் நோயியல் துறையிலிருந்து எழுதிக் கொடுத்து வாங்கி வர வேண்டும். மைத்துனருடையதில் கே.ராஸ் மரபணுவில் மாற்றம் இருந்தது. பெருங்குடல் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு இது உண்டு. இந்த மாற்றம் உள்ளவர்களுக்கு செடுக்ஸிமாப் போன்ற விலையுயர்ந்த ஊசிகள் பொதுவாகப் பயன் தருவதில்லை. நோய் பரவும் நிலை வந்தால் வீண்செலவைத் தடுக்கும் ஒரு தாள் அது. எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 என்ற, டி.என்.ஏ.வில் நேரும் பிழைகளைப் பழுதுபார்க்கும் நான்கு புரதங்கள் திசுவில் இருக்கின்றனவா என்ற சோதனையும் அதே பிளாக்கில் செய்தார்கள். அவற்றில் ஏதேனும் இல்லாதிருந்தால், பிறவியில் வரும் லிஞ்ச் நோய்த்தொகுதியா என்று அடுத்துத் தேட வேண்டும். பெருங்குடல் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ நூற்றில் மூவருக்கு அது காரணம். இந்தப் பகுதியை லேப் நேர்த்தியாகச் செய்தது. பிளாக்கைத் திருப்பித் தந்தபோது கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

பிறவி மரபணுச் சோதனை எல்லோருக்கும் தேவையில்லை. உறவில் மூவருக்கு இந்த வகைப் புற்று, இரண்டு தலைமுறைகளில் தொடர்ச்சி, அவர்களில் ஒருவருக்காவது ஐம்பது வயதுக்குள் என்ற பழைய அளவுகோல் இன்றும் நல்ல வழிகாட்டி; கருப்பைப் புற்றையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். லிஞ்ச் மாற்றம் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சரிபாதி. எம்.யூ.டி.ஒய்.எச். என்ற மரபணுவால் வரும் பாலிப்பு நோய்க்குத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான படி வர வேண்டும். அக்காள் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் வழக்கமுள்ள நம் குடும்பங்களில் இது தனியாகக் கேட்கப்பட வேண்டிய கேள்வி. லேபின் படிவத்தில் உறவுத் திருமணத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பச் சொல்லி யாரும் கேட்பதில்லை. சோதனையை முதலில் நோய் வந்தவருக்குச் செய்ய வேண்டும், அவரிடம் மாற்றம் கண்டால் பிறகு பிள்ளைகளுக்கு அந்த ஒரு மாற்றத்தை மட்டும் குறைந்த செலவில் பார்க்கலாம் என்ற வரிசையையும் கவுன்டரில் சொல்வதில்லை. பிள்ளைகள் எல்லோருக்கும் முழுச் சோதனைக்கே விலை சொன்னார்கள். சோதனைக்கு முந்தைய ஆலோசனை என்பது சென்னையிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பு, பாதி ஆங்கிலத்தில். ‘பொருள் தெளியாத மாற்றம்’, அதாவது நோய் தருமா தராதா என்று இன்னும் தெரியாத மாற்றம், என்று ஒரு முடிவு வந்தால் அதை வைத்துக்கொண்டு எதுவும் முடிவெடுக்கக் கூடாது என்பதை மைத்துனரின் மகளுக்கு நான்தான் விளக்க வேண்டியிருந்தது.

போகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். ரத்த எண்ணிக்கை, சி.ஆர்.பி., ஃபெரிட்டின் மூன்றும் கும்பகோணத்திலேயே செய்யப்படுகின்றன, அன்றே கிடைக்கும். சி.இ.ஏ.வுக்கும் மரபணுச் சோதனைகளுக்கும் சாம்பிள் சென்னைக்கு இரவில் கிளம்புகிறது. சனிக்கிழமை மாலைக்குப் பின் கொடுத்தது திங்கள் வரை இங்கேதான் இருக்கும், ஆகவே வாரத்தின் முதல் நாள்களில் போவது நல்லது. வெறும் வயிறு இவற்றில் எதற்கும் அவசியமில்லை. வெளியூரிலிருந்து வரும் வயதானவர்கள் சாப்பிட்டுவிட்டே வரலாம் என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். அறிக்கையைக் கைப்பேசியில் வாங்கினாலும், முத்திரையிட்ட தாளையும் கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். சோதனை முறையின் பெயர் அந்தத் தாளின் அடியில் மட்டுமே அச்சாகிறது.